திருப்பிக் கொடுத்த பணத்தை விடுங்கள், வராத சம்பளத்தைப் பிடியுங்கள்

கேள்வி: தங்கச்சிமடத்தைச் சேர்ந்தவள் நான். எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்து, ஷார்ஜாவில் ஒரு தனியார் பள்ளியில் 11 மாதங்களாக ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். ஒப்பந்தச் சம்பளம் 4,500 திர்ஹாம். அது வங்கிக் கணக்கில் ஏறியதும் 1,700 திர்ஹாமை ரொக்கமாக அலுவலகத்தில் திருப்பிக் கொடுக்கவேண்டும். எட்டு மாதம் கொடுத்தேன். கடைசி மூன்று மாதம் சம்பளமே வரவில்லை. பாஸ்போர்ட்டும் அவர்களிடம்தான். பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளுக்குத் துணையாகப் போவது, வரவேற்பு மேசை என்று எல்லா வேலையும் வாங்கிக்கொண்டு, முதல்வர் எல்லோர் முன்னிலையிலும் திட்டுகிறார். ஊரில் என்னை அனுப்பிவைத்தவர், நகையை அடகு வைத்து நாங்கள் கொடுத்த ரூ.1,75,000 வாங்கினார், அதில் 60,000 மட்டும் வங்கி வழியாகப் போனது. அப்பா கையெழுத்திட்ட, தொகை எழுதாத காசோலை ஒன்றும் அவரிடம் இருக்கிறது. பாஸ்போர்ட் தொலைந்ததாகச் சொல்லி அவுட்பாஸ் (ஊர் திரும்ப மட்டும் தூதரகம் தரும் தற்காலிகப் பயணத் தாள்) வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து, ராமநாதபுரம் நீதிமன்றத்தில் இருவர் மீதும் வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் முதல்வரைப் பற்றியதுதான், சுருக்கிவிட்டேன். அவர் வாய் கெட்டவர் என்பதற்காக எந்த அதிகாரியும் உங்களுக்கு ஒரு திர்ஹாம் வாங்கித் தரப்போவதில்லை. வரவேற்பு மேசையும் அப்படித்தான்.

அமீரகத்தின் மனிதவள அமைச்சகத்தில் பதிவான ஒப்பந்தத்தில் 4,500 என்று இருக்கிறது. மூன்று மாதம் அந்தத் தொகை கணக்கில் ஏறவில்லை. உங்கள் வழக்கு இவ்வளவுதான், 13,500 திர்ஹாம். சம்பளம் வங்கி வழியாகவே போகவேண்டும் என்ற முறை அங்கே இருப்பதால், இதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. எட்டு மாதம் ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்தது 13,600. அதற்கு ரசீது உண்டா? இல்லை. முழுச் சம்பளம் பெற்றீர்கள் என்றுதான் வங்கிக் கணக்கு சொல்லும். அதை முன்னால் வைத்துப் புகார் எழுதினால், நிரூபிக்க முடிந்த தொகையும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும். பணம் கேட்டு வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய செய்தி ஏதாவது இருந்தால் பேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். புகாரின் தலைப்பில் வேண்டாம்.

சொல்லாமல் கிளம்பாதீர்கள். தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் காரணமின்றி வராவிட்டால் முன்னறிவிப்பின்றி நீக்கலாம் என்று அங்குள்ள 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. ஓடிப்போனதாகப் பள்ளி புகார் கொடுத்தால், ஓராண்டுக்கு அங்கே வேறு வேலைக்கு அனுமதி கிடைக்காது. அதே சட்டத்தின் 45-ஆம் பிரிவு உங்களுக்கு வாசலைத் திறந்தும் வைத்திருக்கிறது: முதலாளி கடமை தவறினால், 14 வேலை நாட்களுக்கு முன்பே அமைச்சகத்துக்குத் தெரிவித்துவிட்டு, அவர் அதற்குள் சரிசெய்யாதபோது வெளியேறலாம். புகார் பதியும் வழி உங்கள் அறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். 50,000 திர்ஹாமுக்குள் உள்ள கோரிக்கை என்பதால் அமைச்சகமே தீர்ப்புச் சொல்ல முடியும். புகார் எண் கையில் கிடைக்கும்வரை வகுப்புக்குப் போய்க்கொண்டிருங்கள்.

ஆபத்து இதற்குப் பிறகுதான் வரும். புகார் போனதும் பள்ளியின் பி.ஆர்.ஓ., அதாவது விசா, அரசு அலுவலக வேலைகளைப் பார்ப்பவர், கூப்பிட்டு அன்பாகப் பேசுவார். மேசைமேல் உங்கள் பாஸ்போர்ட், அதன்மேல் மதுரை டிக்கெட், பக்கத்தில் விசா ரத்துப் படிவம். 'பாக்கி அடுத்த வாரம் கணக்கில் ஏறிவிடும், இங்கே கையெழுத்துப் போடுங்கள்' என்பார். அந்தப் படிவத்தில், எனக்குச் சேரவேண்டிய அனைத்தும் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு வரி இருக்கும். போட்ட நிமிடத்தில் உங்கள் 13,500 போயிற்று. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று இந்தக் கடற்கரை நெடுகச் சபுராளி (வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்) வீடுகளில் அந்தத் தாளின் நகல் கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தவர்களில் ஆங்கிலம் கற்பித்தவர்களும் உண்டு. வரி புரியாமல் போட்டவர்கள் அல்லர். டிக்கெட்டைப் பார்த்துப் போட்டவர்கள். தொகை கணக்கில் ஏறியதாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்த பிறகே கையெழுத்து. காசோலை கொடுத்தால் அது பணமாகும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.

பள்ளி இரண்டு மாதச் சம்பளமும் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் தருவதாக இறங்கினால் வாங்கிக்கொண்டு வாருங்கள். மூன்றாவது மாதத்துக்காக அங்கே உட்கார்ந்தால் அறை வாடகை அதைத் தின்றுவிடும். இங்கே அடகு நகைக்கும் வட்டி ஓடுகிறது. ஓராண்டு முடித்தால் பணிக்கொடை கிடைக்குமே என்று யாராவது சொல்வார்கள். அடிப்படைச் சம்பளத்தில் 21 நாள் தொகை அது. சம்பளமே தராத இடத்தில் அதற்காக இன்னொரு மாதம் இருப்பதா?

அவுட்பாஸ் யோசனையை இன்றே கைவிடுங்கள். பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே தொலைந்தது என எழுதிக் கொடுத்தால், பொய் சொன்னவர் நீங்களாகிவிடுவீர்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. ஊழியரின் ஆவணத்தை முதலாளி பிடித்துவைப்பதை அந்நாட்டுச் சட்டமும் தடுக்கிறது. பள்ளி வைத்திருக்கிறது என்றே துபாயில் உள்ள நம் துணைத் தூதரகத்தில் எழுதிக் கொடுங்கள்.

ஷார்ஜா பள்ளியை ராமநாதபுரத்துக்கு இழுக்க முடியாது. ஆனால் அங்கிருந்து இங்கே வர வழி இருக்கிறது. 2020 ஜனவரி முதல் அமீரக நீதிமன்றத் தீர்ப்பாணைகளை நம் மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றக் கோரலாம். அதே வழியில் அங்குள்ள வங்கியும் உங்களைத் தேடி வரலாம் என்பதால், அங்கே கடன் அட்டை பாக்கி ஏதாவது இருந்தால் முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

இனி ஊர்க்காரர். உங்களைப் போன்ற பட்டதாரிக்கு, வெளிநாட்டு வேலைக்குப் போக நம் அரசு தரும் குடியகல்வு அனுமதி தேவையில்லை. அதனால் உங்கள் ஒப்பந்தம் அந்த அனுமதியைத் தரும் அதிகாரியான, சென்னையில் உள்ள குடியகல்வோர் பாதுகாவலரின் கண்ணில் படவே இல்லை. பத்தாம் வகுப்பு முடிக்காமல் கூலி வேலைக்குப் போகிறவருக்கு இருக்கும் அந்தச் சோதனை, ஆசிரியைக்கு இல்லை. ஆனாலும் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் ஆள் அனுப்புவது 1983-ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டப்படி குற்றம். பதிவு பெற்றவரே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் உள்ள அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கொடுக்கும் மனுவே அவரைப் பேச்சுக்கு வரவழைக்கும்.

எனக்குக் கவலை அந்தக் காசோலைதான். தொகை எழுதாமல் கொடுத்தோம், செல்லாது என்று அப்பா நினைத்துக்கொண்டிருப்பார். கையெழுத்து அவருடையது என்றால், வேறொருவர் தொகையை நிரப்பியிருந்தாலும், கடனுக்காகக் கொடுத்தது என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். 2019-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வங்கியில் பணம் தரவேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. அவர் அதை வங்கியில் போடுவதற்கு முன்பே, காசோலையைத் திருப்பித் தா என்று வக்கீல் நோட்டீஸ் போகவேண்டும். அவரிடமிருந்து நோட்டீஸ் வந்துவிட்டால் 15 நாளுக்குள் பதில் கொடுக்கவேண்டும். வந்த நோட்டீஸைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, பிறகு நீதிமன்றப் படியேறியவர்கள் பலர்.

ரொக்கமாகக் கொடுத்த 1,15,000 ரூபாய்க்குத் தாள் இல்லை. அந்த 60,000 ரூபாயோடு காசோலையும் திரும்பி வந்தால் சமாதானமாகப் போய்விடுங்கள். பேச உட்காரும்போது அப்பா முதலில் கேட்கவேண்டியது காசோலையை. அது கைக்கு வராமல் எந்தச் சமரசத் தாளிலும் அவர் கையெழுத்துப் போடக்கூடாது.