மல்டி டூல்: எண்ணிக்கையைக் கூட்டினால் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: குறடு, கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒன்றாக மடங்கும் மல்டி டூலை ‘18 கருவிகள்’, ‘20 கருவிகள்’ என்று அட்டையில் போட்டு விற்கிறார்கள். எண்ணிக்கை அதிகமுள்ளதை வாங்குவதுதானே லாபம்? – ஈரோடு வாசகர்

பதில்: அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். லெதர்மேன் நிறுவனத்தின் வேவ் பிளஸ் மாடலில் 18 என்கிறார்கள். குறட்டுத் தலை ஒன்றே கூர்மூக்கு, சாதாரணப் பிடி, கம்பி வெட்டி, கடினக் கம்பி வெட்டி, ஒயர் முனையை நசுக்கி இணைக்கும் கிரிம்பர் என்று ஐந்து இடங்களைப் பிடித்துவிடுகிறது. டப்பா திறக்கும் தகடு ஒன்றுதான். அதிலேயே பாட்டில் ஓப்பனரும் ஒயர் தோல் உரிக்கும் பள்ளமும் இருப்பதால் அது மூன்று. அரம் ஒன்று, முகம் இரண்டு, ஆகவே இரண்டு. கைப்பிடியில் பொறித்த அளவுகோலுக்கும் ஓர் எண். கையால் விரித்து எடுக்கிற தகடுகளை எண்ணினால் 9தான் தேறும்.

இதைக் குறை என்று சொல்ல வரவில்லை, நல்ல கருவிதான். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் புதிய மாடலில் கேட்பது பத்தாவது தகட்டை அல்ல. இருக்கிற இரண்டு கத்திகளில் பல் வைத்ததை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு குத்தூசி வையுங்கள் என்கிறார்கள். பெல்ட்டில் துளை போட, தார்ப்பாயில் கயிறு நுழைக்க, இறுகிய முடிச்சைத் தளர்த்த அது உதவும். வேவ் பிளஸ்ஸில் அது இல்லை. இன்னொரு கோரிக்கை எடை: அதே மாடல் 241 கிராம். பேன்ட் பாக்கெட்டில் போட்டால் துணி தொங்கும். அதனால் பலர் பெல்ட் உறைக்குப் போகிறார்கள், அப்புறம் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள்.

கேள்வி: ஒரு கருவியை இழுத்தால் பக்கத்தில் இருப்பவையும் கொத்தாக வருகின்றன. இது பழுதா? – நாகர்கோவில் வாசகர்

பதில்: பெரும்பாலும் அமைப்பின் குணம். 1998இல் வந்த முதல் வேவ், கத்தியை வெளிப்புறத்தில் வைத்து ஒரே கையால் திறக்க வழி செய்தது. சிறு கருவிகள் உள்ளேயே இருந்தன. கைப்பிடிகளை விரித்தால்தான் அவற்றைத் தொட முடியும். விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் ஸ்விஸ்டூலில் குறடு தவிர எல்லாமே வெளியிலிருந்து திறக்கும், நகம் வைத்து இழுக்க வேண்டும். 2019இல் லெதர்மேன் ஃப்ரீ வரிசை காந்தத்தைக் கொண்டுவந்தது: கைப்பிடி காந்தத்தால் மூடி நிற்கிறது, கட்டைவிரலால் தள்ளினாலே கருவி உருண்டு வருகிறது. நகம் உடையும் பிரச்சினை தீர்ந்தது. புதிதாக ஒன்று முளைத்தது: இரும்பை ராவினால் தூள் அந்தக் காந்தத்தில்தான் போய் ஒட்டும். துணியால் துடைத்தால் இடம் மாறுமே தவிர போகாது. செலோ டேப்பை விரலில் பசை வெளியே இருக்கும்படி சுற்றி ஒற்றி எடுங்கள்.

உங்களுடையதில் முதலில் அழுக்கைப் பாருங்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஒவ்வொரு தகட்டையும் பத்துப் பதினைந்து முறை திறந்து மூடி, அலசி, நன்றாக உலர்த்துங்கள். பிறகு ஒவ்வொரு அச்சிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுக்காகிவிடும். கடலோரத்தில் இருக்கிறீர்கள், இதை மாதம் ஒருமுறை செய்தால் நல்லது.

கேள்வி: மிக்ஸியின் அடியில் உள்ள ஸ்க்ரூவை மல்டி டூலால் கழற்றவே முடியவில்லை. – மதுரை வாசகர்

பதில்: நீங்கள் சொல்வதுதான் புதிய வடிவமைப்பாளர்களிடம் அதிகம் வைக்கப்படும் புகார். மிக்ஸி அடிப்பாகத்தில் ஸ்க்ரூ ஆழமான குழிக்குள் இருக்கும். லெதர்மேன் பிட் (ஸ்க்ரூவைத் திருப்பும் மாற்று முனை) தட்டையானது, நீளமும் குறைவு. பிட்டின் நுனி ஸ்க்ரூவைத் தொடும் முன் கைப்பிடியின் தோள் குழியின் விளிம்பில் இடித்துவிடும். தட்டையாக வைத்ததற்குக் காரணம் கைப்பிடியின் தடிமன்: கடையில் கிடைக்கும் சாதாரண அறுகோண பிட் 6.35 மி.மீ. அகலம், அதற்கு இடம் விட்டால் கருவி பருத்துவிடும்.

இரண்டாவது சிக்கல் அச்சு. பிட்டைப் பிடிக்கும் டிரைவர் கைப்பிடியின் ஒரு ஓரத்தில் இருப்பதால் நீங்கள் திருப்பும்போது கை ஒரு வட்டம் போடும், பிட் ஸ்க்ரூ தலையில் சாயும், சாய்ந்தால் தலை வழுக்கித் தேயும். கெர்பர் நிறுவனத்தின் சென்டர் டிரைவ் மாடல் இதற்கென்றே டிரைவரை நடு அச்சுக்குக் கொண்டுவந்தது. சாதாரண அறுகோண பிட்டையும் ஏற்கும். எல்லா நிறுவனமும் இதைச் செய்ய வேண்டும் என்பதே எங்கள் கட்சி. கொஞ்சம் பருத்தால் பருக்கட்டும்.

உங்களுக்கு உடனடி வழி: அந்தந்த நிறுவனத்தின் நீட்டிப்புத் தண்டு தனியாகக் கிடைக்கும். ஒரு முனை டிரைவருக்குள் நுழையும், மறுமுனையில் சாதாரண பிட் போடலாம். மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குழியில் உள்ள மாவுக் கறையைச் சுரண்டி எடுங்கள். பிட் முழுவதுமாக உட்காராமல் போவதற்குப் பாதிக் காரணம் அதுதான். பிறகு கீழ்நோக்கி நன்கு அழுத்தம் கொடுத்துக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புங்கள்.

கேள்வி: கம்பி வெட்டும் இடத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. – திருச்சி வாசகர்

பதில்: ஆணியோ ஸ்பிரிங் கம்பியோ வெட்டியிருப்பீர்கள். செம்பு, அலுமினியத்துக்கு வெட்டும் விளிம்பு. கடினக் கம்பிக்கு அச்சுக்குப் பக்கத்தில் உள்ள தனிப் பள்ளம். பியானோ கம்பி போன்றதற்கு இரண்டுமே வேண்டாம். வெட்டும்போது குறட்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் தாடைகள் விலகிவிடும். சோதிக்க ஒரு மெல்லிய தாளை நுனி, நடு, அடி என்று மூன்று இடத்தில் வெட்டிப் பாருங்கள். எங்கே மடிகிறதோ அங்கே இடைவெளி. 2018இல் வேவ் பிளஸ்ஸாக மாறியபோது கழற்றி மாற்றும் வெட்டிகள் வந்தன. புதிதாக வாங்குவதானால் இந்த வசதி இல்லாததைத் தொடாதீர்கள்.

கேள்வி: மேக்னாகட் எஃகுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா? – கோவை வாசகர்

பதில்: 2023இல் வந்த லெதர்மேன் ஆர்க் மாடலில் கத்தி மட்டும்தான் மேக்னாகட் என்ற உயர்ரக எஃகு. கூர் நீண்ட நாள் நிற்கும். குரோமியம் கார்பைடாக (கரியோடு சேர்ந்த கடினத் துகளாக) போகாமல் எஃகிலேயே கரைந்திருப்பதால் துருவையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதிலுள்ள வெனேடியம் கார்பைடு சாதாரண சாணைக்கல்லைவிடக் கடினம், வைரத் தகடு தேவை. தேங்காய் நார்க் கயிறு, அட்டைப் பெட்டி என்று தினமும் அறுப்பவருக்கு லாபம். வாரம் ஒருமுறை பார்சல் பிரிப்பவருக்கு வேவ் பிளஸ்ஸில் உள்ள 420எச்சி எஃகே போதும், அதை வீட்டுக் கல்லிலேயே தீட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: கைப்பிடி லொடலொட என்று ஆடுகிறது. நாமே இறுக்கலாமா? – சேலம் வாசகர்

பதில்: ஸ்விஸ்டூல் ரிவெட் அடித்தது, முடியாது. லெதர்மேனில் டார்க்ஸ் ஸ்க்ரூ, அதாவது தலையில் ஆறு முனை நட்சத்திரக் குழி உள்ளது. நடுவில் சிறு முளை இருப்பதால் நுனியில் துளையுள்ள பிட் வேண்டும். அதுவும் இரண்டு: ஒரு பக்கம் திருப்பினால் மறுபக்கமும் சேர்ந்து சுற்றும், அதை அசையாமல் பிடிக்க வேண்டும். ஸ்க்ரூவைக் கழற்றி, பழைய பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, ஸ்க்ரூ தானாகக் கழலாமல் பிடிக்கும் நீலநிறத் திரட் லாக்கர் பசை ஒரு துளி மட்டும் வைத்து மாட்டுங்கள். சிவப்பு வேண்டாம், அடுத்த முறை சூடேற்றினால்தான் கழலும். ஆட்டம் நிற்கும் இடம் வரை இறுக்கி, குறடு தடையின்றித் திறக்கிறதா என்று பார்த்து, 24 மணி நேரம் வைத்துவிடுங்கள். நீங்களே பிரித்ததைக் காட்டி உத்தரவாதத்தை மறுக்கக்கூடும் என்பதால், கருவி புதிதென்றால் முதலில் சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: வீட்டு ஒயரிங் வேலைக்கு இதைப் பயன்படுத்தலாமா? – கடலூர் வாசகர்

பதில்: மின்சாரம் இருக்கும் ஒயரில் கூடாது. கைப்பிடி முழுக்க வெறும் உலோகம், சுற்றி டேப் ஒட்டினாலும் பாதுகாப்பாகாது. 1000 வோல்ட் என்றும் இரட்டை முக்கோணமும் அச்சிட்ட கட்டிங் பிளையரைத் தனியாக வாங்கிவிடுங்கள்.