மன்னாவை ஏன் அன்றன்றைக்கு மட்டும் பொறுக்கச் சொன்னார் தேவன்?

எகிப்தை விட்டு வந்த இஸ்ரவேலருக்கு வனாந்தரத்தில் தேவன் தந்த உணவான மன்னாவைச் சேர்த்து வைக்காதே என்றதில் நமக்கென்ன பாடம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் களியக்காவிளைப் பக்கம். இங்கே ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்பே கிளம்பிவிடுவார்கள். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். பைபிளில் யாத்திராகமம் 16-இல் மன்னாவும் அப்படித்தான், வெயில் ஏறியதும் உருகிவிடும். ஆளுக்கு ஒரு ஓமர் (அந்தக் காலத்து அளவு). மறுநாளுக்கு வைத்தால் புழு. ஆனால் மறுநாள் ஓய்வுநாள் என்று 6-ஆம் நாள் இரட்டிப்பாக எடுத்தது கெடவில்லை. அப்போ சேமிப்பே தப்பு என்று இல்லை (சீட்டு கட்டுகிறவர்கள் பயப்பட வேண்டாம்). நாளைக்கும் தருவார் என்று நம்பாமல் பதுக்கியதுதான் பிரச்சினை.

எனக்கு இன்னும் உறுத்துவது எண்ணாகமம் 11. மன்னா சலித்துப்போய் எகிப்தின் மீன், வெள்ளரிக்காய், வெங்காயம், பூண்டு எல்லாம் வரிசையாக ஞாபகம் வருகிறது இஸ்ரவேலருக்கு. அங்கே அடிபட்டுச் செங்கல் அறுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.