துருப்பிடித்த சேஸிஸும் ஐந்தாண்டுக் கடனும்

கேள்வி: தொழிலுக்காக ஒன்பது ஆண்டு பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்க நினைக்கிறேன். எஞ்சின் நன்றாக இருக்கிறது, ஓடிய தூரமும் குறைவு. ஆனால் பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் பகுதியில் ஓடிய வண்டி என்பதால் சேஸிஸ் துருப்பிடித்திருக்கிறது. 'மேலோட்டமான துருதான்' என்கிறார் விற்பவர். இதே வயதுள்ள மற்ற வண்டிகளைவிடக் கால் பங்கு விலை குறைத்தும் தருகிறார். ஐந்தாண்டுக் கடனில் வாங்கலாமா? வாங்கினால் துருவுக்கென்று எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

பதில்: பிக்கப் வண்டியில் எஞ்சின், கியர்பாக்ஸ், கேபின், சரக்குத் தொட்டி ஆகிய எல்லாமே சேஸிஸ் என்னும் ஏணி வடிவ இரும்பு அடிச்சட்டத்தின் மீதுதான் உட்கார்ந்திருக்கின்றன. எஞ்சின் போனால் வேறு எஞ்சின் மாற்றிக்கொண்டு வண்டியை ஓட்டலாம். சேஸிஸ் போனால் வண்டி முழுவதையும் பிரித்து மறுபடி பூட்ட வேண்டியிருப்பதால், பழைய வண்டிகளில் அந்தச் செலவு பெரும்பாலும் வண்டியின் மதிப்பையே தாண்டிவிடும். ஆகவே சேஸிஸ் துருவைப் பராமரிப்புச் செலவில் எழுதாதீர்கள். அது வண்டியின் மிச்ச ஆயுளைப் பற்றிய கணக்கு.

இது எவ்வளவு பெரிய தொகையாகக்கூடும் என்பதற்குப் பதிவான உதாரணம் உண்டு. டொயோட்டாவின் டக்கோமா, டன்ட்ரா, செக்வோயா வண்டிகளின் சேஸிஸுக்குப் போதிய துருத்தடுப்பு இல்லை என்று அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கு 2016-இல் சமரசத்துக்கு வந்தபோது, அதன் மதிப்பு 340 கோடி டாலர் வரை போகலாம் என்று கணக்கிடப்பட்டது. ஒரு வண்டிக்குச் சேஸிஸ் மாற்ற ஏறத்தாழ 15,000 டாலர் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. நிறுவனம் தன் மீது தவறு இருப்பதாக ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சமரசத்தில் இலவசமாகச் சேஸிஸ் மாற்றித் தரும் சலுகைக்கு, வண்டி முதன்முதலாக விற்கப்பட்டதிலிருந்து 12 ஆண்டுகள் என்ற வரம்பும் இருந்தது. நீங்கள் பார்த்திருக்கும் வண்டிக்கு இதுபோன்ற திட்டம் ஏதேனும் இருந்ததா, அதில் சேஸிஸ் மாற்றப்பட்டதா, காலக்கெடு முடிந்துவிட்டதா என்பதை, சேஸிஸ் எண்ணைக் கொடுத்துத் தயாரிப்பாளரின் சேவை மையத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இனி அந்த 'மேலோட்டமான துரு' என்ற சொல்லுக்கு வருவோம். அது உண்மையாகவும் இருக்கலாம். கம்பித் தூரிகையால் தேய்த்தால் போய், அடியில் கெட்டியான இரும்பு தெரியுமானால் கவலை இல்லை. ஏடு ஏடாகப் பெயர்ந்து வந்தால் இரும்பின் கனம் குறைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். சேஸிஸின் பல பகுதிகள் பெட்டி வடிவில் உள்ளே குழலாக இருப்பவை. வடிகால் துளைகள் சேற்றால் அடைபட்டுவிட்டால் உப்புநீர் உள்ளேயே தேங்கி, துரு உள்ளிருந்து வெளியே வரும். அதனால் வெளிப்புறத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்ல முடியாது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, சிறு சுத்தியலால் நீளவாக்கில் தட்டிக்கொண்டே போக வேண்டும்: கெட்டியான இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும், ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்தினால் சில இடங்களில் உள்ளேயே போய்விடும். பின் ஆக்ஸிலுக்கு மேலே வளையும் பகுதி, லீஃப் ஸ்பிரிங் பொருத்தும் இடங்கள், ஸ்டெப்னிக்கு மேலுள்ள குறுக்குச் சட்டம் ஆகியவற்றில் கூடுதல் நேரம் செலவிடச் சொல்லுங்கள். பிரேக் குழாய்களையும் எரிபொருள் குழாய்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேஸிஸை அரித்த உப்பு அவற்றை விட்டுவைத்திருக்காது. ஒன்பது வயது வண்டியின் அடிப்பகுதி மட்டும் புதுக் கறுப்புப் பூச்சில் பளபளத்தால், அதை நான் நல்ல பராமரிப்பு என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்; அடியில் எதை மூடியிருக்கிறார்கள் என்றுதான் கேட்பேன். சோதிக்கும் மெக்கானிக்கை நீங்களே தேர்ந்தெடுத்து, அவருக்கான கட்டணத்தையும் நீங்களே கொடுங்கள்.

கால் பங்கு தள்ளுபடி போதுமா என்பதை விலையை வைத்துச் சொல்ல முடியாது. ஓர் ஆண்டுக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்க்க வேண்டும். நல்ல வண்டியின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். அது இன்னும் ஒன்பது ஆண்டு உழைத்து, கடைசியில் 25-க்கு விலைபோனால் ஆண்டுச் செலவு எட்டுக்குச் சற்று அதிகம். துருப்பிடித்த வண்டி 75-க்குக் கிடைத்து, நான்கே ஆண்டு உழைத்து, காயலான் கடைக்கு 5-க்குப் போனால் ஆண்டுச் செலவு பதினேழரை. மலிவான வண்டி இரண்டு மடங்குக்கும் மேல் விலையுயர்ந்ததாகிவிடுகிறது. இவை நான் வைத்துக்கொண்ட எண்கள்தான். மெக்கானிக் சொல்லும் மிச்ச ஆயுளைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள். அவர் ஒரு கால அளவைச் சொல்லத் தயங்கினால், குறைந்த அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடனைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: மிச்ச ஆயுளைவிட நீண்ட தவணைக்குக் கையெழுத்திடக் கூடாது. சேஸிஸ் நான்காம் ஆண்டில் தகுதிச் சோதனையில் தோற்றாலும் ஐந்தாம் ஆண்டின் தவணைகள் வந்துகொண்டுதான் இருக்கும். அப்போது வண்டியும் இருக்காது, அதை வைத்து வரும் வருமானமும் இருக்காது. காப்பீட்டை நம்ப வேண்டாம். விபத்துக்கும் திருட்டுக்கும் இழப்பீடு தரும் பாலிசிகள், துரு போன்ற படிப்படியான தேய்மானத்தை வழக்கமாகவே விலக்கிவிடுகின்றன. தயாரிப்பாளர் தரும் துரு உத்தரவாதமும் பெரும்பாலும் வண்டியின் வெளித் தகடுகளில் ஓட்டை விழுவதற்கே பொருந்தும். சேஸிஸ் அதில் அடங்குமா என்பதை ஆவணத்தில் படித்துப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு ஒதுக்குவது என்று கேட்டிருந்தீர்கள். வாங்குவதாக முடிவெடுத்தால், கிடைத்த தள்ளுபடியை லாபமாக எண்ணாமல் முழுவதையும் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். பிரேக் குழாய்கள் மாற்றவும், ஸ்பிரிங் தாங்கிகளை வெல்டிங் செய்யவும் அதிலிருந்து எடுக்கலாம். மீதி அடுத்த வண்டிக்கு முன்பணம். இதற்கு வெளியே, எண்ணெய் அல்லது மெழுகு வகைத் துருத்தடுப்பை ஆண்டுதோறும் அடிப்பதற்கான தொகையைத் தொழிலின் நிரந்தரச் செலவாக எழுதுங்கள். ரப்பர் போல இறுகும் பூச்சைத் துருவின் மேல் அடிப்பது வீண் செலவு. அது விரிசல் விட்டால் ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். பனிக்காலத்தில் அடிப்பகுதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவருவதற்கு ஆகும் செலவு அற்பம்தான், ஆனால் இந்தப் பட்டியலில் அதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

உங்கள் வண்டிக்கு என் பதில் இதுதான். சுத்தியல் சோதனையில் எங்கும் மந்த ஒலி இல்லையென்றால், தவணைக் காலத்தை மூன்று ஆண்டாகக் குறைத்து வாங்கலாம். ஏடு பெயரும் துரு ஓரிரு இடங்களில் மட்டும் இருந்தால், வெல்டிங்குக்கான மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி, அந்தத் தொகையையும் விலையில் கழிக்கச் சொல்லுங்கள்; விற்பவர் மறுத்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். ஓட்டை எங்கேனும் இருந்தால், கால் பங்கு அல்ல, பாதி விலை குறைத்தாலும் கடனில் வாங்க வேண்டாம்.