பிங்க் டைட்ஸ்ல தான் ஒழுக்கம் இருக்கா?

கேள்வி: கருப்பு லியோடார்ட் (உடம்போட ஒட்டின மேல் உடை), பிங்க் டைட்ஸ் (கால் முழுக்க ஒட்டின காலுறை), பிங்க் ஷூன்னு பாலே கிளாஸ்க்கு காலங்காலமா ஒரு யூனிஃபார்ம் இருந்துச்சு. இப்ப பல ஸ்கூல்ல அவங்கவங்க தோல் நிறத்துலயே டைட்ஸ் போட்டுக்கலாம்னு விட்டுட்டாங்க. இப்படி ஒவ்வொண்ணா தளர்த்திட்டே போனா டிசிப்ளின் என்ன ஆகும்?

பதில்: எந்தக் காலத்தைச் சொல்றீங்க? 1870கள்ல பாரிஸ் ஓபரா பொண்ணுங்க கிளாஸ்ல ஆடுறத டெகாங்கற பிரெஞ்சு ஓவியர் வரைஞ்சு வச்சிருக்காரு, எடுத்துப் பாருங்க, எல்லாரும் பஞ்சு மாதிரி வெள்ளைப் பாவாடையும் இடுப்புல கலர் ரிப்பனுமா நிக்கிறாங்க, லியோடார்டே கிடையாது. அதுக்கும் நூறு வருஷத்துக்கு மேல முன்னாடி அதே பாரிஸ்ல மரி கமார்கோங்கற டான்சர் தன் கால் வேலை ஜனங்களுக்குத் தெரியணும்னு பாவாடைய கணுக்காலுக்கு மேல ஏத்தினாங்க, அன்னைக்கு அதுவே பெரிய விஷயம். 1911ல ரஷ்ய டான்சர் நிஜின்ஸ்கி, டைட்ஸுக்கு மேல ஆம்பளைங்க வழக்கமா போடுற குட்டை நிஜார் இல்லாம ஜிசெல்ங்கற பாலே ஆடினார்னு ரஷ்ய இம்பீரியல் தியேட்டர்ல வேலையை விட்டே தூக்கிட்டாங்க. இன்னைக்கு வெறும் டைட்ஸ்ல ஆடாத கம்பெனி எது சொல்லுங்க?

நீங்க சொல்ற அந்த ஒட்டின லியோடார்ட் தோற்றம் போன நூற்றாண்டு சமாச்சாரம். 1951ல நியூயார்க்ல பாலே அமைச்ச பாலன்சின், தன்னோட ஃபோர் டெம்பரமென்ட்ஸ்ங்கற பாலேக்கு இருந்த கனமான காஸ்ட்யூமைத் தூக்கிப் போட்டுட்டு ப்ராக்டிஸ் டிரஸ்லயே மேடையில ஆட வச்சாரு, 1958ல டூபான்ட் கம்பெனியில லைக்ராங்கற இழுபடுற இழையைக் கண்டுபிடிச்சாங்க, முழங்கால்ல தொளதொளன்னு சுருங்காத துணி அப்புறம்தான் சாதாரணமா கிடைக்க ஆரம்பிச்சுது.

உடம்போட ஒட்டின டிரஸ் வேணும்ங்கறதுல எனக்கு எந்த சண்டையும் இல்ல. பாதம் வெளிப்பக்கம் திரும்புறது இடுப்பு மூட்டுலேர்ந்து வருதா இல்ல புள்ள முழங்காலைத் திருகி சமாளிக்குதான்னு டீச்சர் கண்ணுக்குத் தெரியணும், தெரியலன்னா நாளைக்கு முழங்கால் போயிடும். ஆனா அதைப் பார்க்கிறதுக்கு பிங்க் எதுக்கு?

கால் இடுப்புலேர்ந்து விரல் நுனி வரைக்கும் ஒரே கோடா தெரியணும்னு தானே டைட்ஸும் ஷூவும் ஒரே நிறத்துல போடுறாங்க, வெள்ளைக்காரப் பொண்ணுக்கு பிங்க் அவ உடம்போட கலந்துடும், கருப்புப் பொண்ணுக்கு கை கருப்பாவும் கால் பிங்காவும் உடம்பே ரெண்டா வெட்டின மாதிரி ஆயிடுது. அந்தக் கோடு முக்கியம்னு நிஜமாவே நம்புறவங்க அவளுக்கு பிரவுன் டைட்ஸ் தான் குடுக்கணும். 1969ல நியூயார்க்ல கருப்பு டான்சர்ஸுக்காக டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம்ங்கற பாலே கம்பெனிய ஆரம்பிச்ச ஆர்தர் மிட்செல், பாலன்சின்கிட்டயே ஆடி வளர்ந்தவர், தளர்த்துற ஆள் இல்ல, அவர் கம்பெனியில தான் 70கள்லயே தோல் நிற டைட்ஸும் ஷூவும் வந்துச்சு.

அந்த நிற ஷூ கடைக்கு வந்து சேர எவ்வளவு நாள் ஆச்சுன்னு பாருங்க. லண்டன்ல ஃப்ரீட்ங்கற ஷூ கம்பெனி, பாலே பிளாக்ங்கற டான்ஸ் குழுவோட சேர்ந்து பிரவுன் நிற பாயிண்ட் ஷூ (விரல் நுனியில நின்னு ஆடுற ஷூ) கொண்டு வந்தது 2018ல. அதுவரைக்கும் பல கருப்பு டான்சர்ஸ் பிங்க் ஷூவை வாங்கி, ஸ்பாஞ்ச்ல ஃபவுண்டேஷன் தொட்டு சாட்டின் முழுக்க ரிப்பனோட சேர்த்துப் பூசி, காய வச்சு ஆடினாங்க. பெரிய ரோல்னா ஒரே ஷோவுல ஒரு ஜோடி தேஞ்சு போயிடும், அடுத்த ஜோடிக்கு மறுபடியும் பூசணும், மேக்கப் காசும் பல நேரம் அவங்க கையிலேர்ந்து தான். பக்கத்துல இருக்கிற பொண்ணு டப்பாவைத் திறந்து ஷூவை மாட்டிக்கிட்டுப் போயிடுவா, இவங்க உக்காந்து பூசிட்டு அதே நேரத்துக்கு அதே கிளாஸ்க்கு வந்து நின்னாங்க. இவங்ககிட்டயா டிசிப்ளின் இல்லைங்கறீங்க?