குரூப் அட்மின்களின் கேள்விகள்: உறுப்பினர் கணக்குகளைப் பராமரிப்பது எப்படி?

வாட்ஸ்அப் குரூப் நடத்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் உறுப்பினர் சேர்ப்பு, நீக்கம், கணக்குப் பாதுகாப்பு பற்றியவற்றுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் அடுக்ககத்தில் 96 வீடுகள். குரூப்பிலோ 231 பேர். காலி செய்துவிட்டுப் போன வாடகைதாரர்களும் யாருடையது என்றே தெரியாத நம்பர்களும் கலந்து கிடக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், தாம்பரம்

முதலில் ஒரு பதிவேடு போடுங்கள். நீக்குவதைப் பிறகு பார்க்கலாம். வாட்ஸ்அப்புக்குத் தெரிந்தது போன் நம்பர் மட்டும்தான். அது இன்று யார் கையில் இருக்கிறது என்பதை நீங்கள்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அட்மின்கள் படும் அவதியில் பெரும்பகுதி இந்தப் பதிவேடு இல்லாததால் வருவது.

வீட்டு எண், பெயர், நம்பர், உரிமையாளரா வாடகைதாரரா, சேர்த்த தேதி, சேர்த்த அட்மின், கடைசியாகச் சரிபார்த்த தேதி. ஒரு எக்செல் தாளில் இந்த ஏழு கட்டங்கள் போதும். ஆதார் நகலோ பிறந்த தேதியோ கேட்காதீர்கள். வாங்கி வைத்தால் அதைக் காப்பாற்றும் பொறுப்பும் உங்களுடையதாகிவிடும்.

பிறகு, எல்லோரும் வீட்டு எண்ணையும் பெயரையும் பத்து நாளுக்குள் அனுப்பும்படி குரூப்பில் கேளுங்கள். அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து ‘இன்ஃபோ’ பாருங்கள். யாருக்குச் சேர்ந்தது, யார் படித்தார் என்று வரும். பல நாளாகியும் சேரவே இல்லை என்றால் அந்த நம்பர் பெரும்பாலும் பயன்பாட்டில் இல்லாதது. படித்தும் பதில் சொல்லாதவரைப் போனில் அழைத்துக் கேளுங்கள். வீட்டில் பெரியவர் யாராவது தட்டச்சு செய்யத் தெரியாமல் இருந்திருக்கலாம். இதையெல்லாம் செய்தபின் நீக்குங்கள். நீக்கும் முன் அவருக்குத் தனியாக ஒரு வரி அனுப்பிவிட்டால் மனக்கசப்பு வராது. நீக்கப்பட்டவரும் தானாக விலகியவரும் ‘முன்னாள் உறுப்பினர்கள்’ பட்டியலில் 60 நாள் வரை மற்றவர்களுக்குத் தெரிவார்கள். மறைவாகச் செய்துவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

கடைசியாக வாசலை அடைப்பது. குரூப் பெர்மிஷன்ஸ் பகுதியில் உறுப்பினர்களே ஆள் சேர்க்கும் வசதியை அணைத்து, புதியவர்களுக்கு அட்மின் ஒப்புதல் தேவை என்பதை இயக்குங்கள். பழைய அழைப்பு லிங்க்கை ரீசெட் செய்தால் முன்பு பரவியது செல்லாமல் போகும். 2020 பிப்ரவரியில் ஏராளமான குரூப் லிங்க்குகள் கூகுள் தேடலிலேயே கிடைத்தன. பொதுவெளியில் யாரோ பகிர்ந்த லிங்க்குகள் அவை. லிங்க்கைத் தனிச் செய்தியாக மட்டும் அனுப்புங்கள்.

பள்ளி முன்னாள் மாணவர் குரூப் நடத்துகிறேன். பலர் சிம் மாற்றிவிட்டு, ‘புது நம்பரையும் சேர்த்துவிடு’ என்கிறார்கள். பழையது அப்படியே கிடப்பதில் கெடுதல் உண்டா?
– வாசகி, திருச்சி

நிச்சயம் உண்டு. கைவிட்ட நம்பர் கைவிட்டதாகவே இருக்காது. துண்டிக்கப்பட்ட நம்பரை 90 நாள் வரை வேறொருவருக்குக் கொடுப்பதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதாவது, அதற்குப் பிறகு கொடுக்கலாம். வாட்ஸ்அப் தன் பங்குக்கு, 45 நாள் பயன்படாத கணக்கு வேறொரு போனில் புதிதாகத் தொடங்கப்பட்டால் பழைய புகைப்படம் போன்ற விவரங்களை அழிக்கிறது. 120 நாள் இணைப்பே இல்லாத கணக்கைப் பொதுவாக நீக்கிவிடுகிறது. இந்தக் கெடுக்களை நம்பி உட்கார்ந்திருப்பது சரியல்ல. நம்பர் கைமாறியது தெரிந்த அன்றே பழையதை நீக்கிவிடுங்கள்.

நம்பர் மாற்றுபவர்களிடம் ஒரு வழியைச் சொல்லிக்கொடுங்கள். பழைய நம்பரில் வாட்ஸ்அப் இயங்கும்போதே செட்டிங்ஸ், அக்கவுன்ட், சேஞ்ச் நம்பர் என்று போய்ப் பழையதையும் புதியதையும் கொடுக்க வேண்டும். எல்லா குரூப்பிலும் அவர் இருந்த இடத்தில் புது நம்பர் வந்துவிடும், குரூப்பில் அறிவிப்பும் வரும், பழைய கணக்கு அழியும். உங்களுக்கு வேலையே இல்லை. பலர் புது சிம்மில் நேராக வாட்ஸ்அப்பைத் தொடங்கிவிடுவதால்தான் இரண்டு நம்பர்கள் நிற்கின்றன.

‘நான்தான், இது என் புது நம்பர்’ என்று தெரியாத எண்ணிலிருந்து வரும் செய்தியை மட்டும் நம்பிச் சேர்க்காதீர்கள். பழைய நம்பருக்கு ஒருமுறை சாதாரணக் குரல் அழைப்பு, அது போகாவிட்டால் புதிய எண்ணுக்கு வீடியோ அழைப்பு. முகத்தைப் பார்த்தபின் சேர்த்துக்கொள்ளுங்கள். புகைப்படம் சாட்சியாகாது, அதை யாரும் எடுத்து ஒட்டலாம்.

உறுப்பினர் ஒருவரின் கணக்கை யாரோ பிடித்துக்கொண்டு, ‘மருத்துவச் செலவு, அவசரமாகப் பணம் அனுப்புங்கள்’ என்று குரூப்பில் கேட்டார்கள். அட்மின் உடனே என்ன செய்ய வேண்டும்?
– கூட்டுறவுச் சங்க ஊழியர், ஈரோடு

இங்கே நிமிடங்கள் முக்கியம். செய்தி அனுப்பும் உரிமையை அட்மின்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். அந்த நம்பர் அட்மினாக இருந்தால் முதலில் பதவியை நீக்கி, பிறகு குரூப்பிலிருந்து நீக்குங்கள். பணம் கேட்ட செய்தியை அழுத்திப் பிடித்து எல்லோருக்குமாக அழியுங்கள். அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது புகாருக்கு உதவும். ‘இந்த நம்பர் தற்போது அவர் கையில் இல்லை, பணம் அனுப்ப வேண்டாம்’ என்று ஒரே ஒரு அறிவிப்பு போடுங்கள். அவர்மீது குறை சொல்லும் தொனி வேண்டாம், ஏமாற்றப்பட்டவர் அவர்.

அடுத்து அவரைச் சாதாரண அழைப்பில் பிடியுங்கள். அவர் தன் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, தன் நம்பரைக் கொடுத்து, எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் ஆறு இலக்க எண்ணைப் போட வேண்டும். போட்டவுடன் மற்றவர் தானாக வெளியேற்றப்படுவார். அதற்கு மேலும் ஒரு ரகசிய எண்ணை (பின்) கேட்டால், அது திருடர் வைத்துவிட்ட இரண்டடுக்குப் பாதுகாப்பு (டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்). ஏழு நாள் காத்திருந்தால் பின் இல்லாமலே நுழையலாம். அந்த ஏழு நாளும் திருடராலும் உள்ளே வர முடியாது என்று சொல்லி அவரைத் தேற்றுங்கள். சில நேரம் அவர் போனில் வாட்ஸ்அப் வழக்கம்போல ஓடிக்கொண்டே இருக்கும், செய்திகள் மட்டும் தானாகப் போகும். அப்போது லிங்க்டு டிவைசஸ் பகுதியில் தெரியாத கருவி ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வெளியேற்றினால் போதும்.

எப்படி நடந்தது என்றும் கேளுங்கள். பெரும்பாலும் அந்த ஆறு இலக்க எண்ணைத் தெரிந்தவர் கேட்டதாக நினைத்துச் சொல்லியிருப்பார். இன்னொரு வழி, *401* என்று தொடங்கி ஒரு நம்பரை டயல் செய்யச் சொல்வது. டயல் செய்தால் உங்கள் அழைப்புகள் எல்லாம் திருடரின் போனுக்குத் திரும்பிவிடும். அவர் சரிபார்ப்பு எண்ணைக் குரல் அழைப்பாகக் கேட்டு வாங்கிக்கொள்வார். தொலைத்தொடர்புத் துறையே இதுபற்றி எச்சரித்திருக்கிறது. போன் செட்டிங்ஸில் கால் ஃபார்வர்டிங் அணைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கணக்கை மீட்க வேண்டும், இல்லையென்றால் மீண்டும் பறிபோகும்.

யாராவது பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்கட்டும். வங்கிக் கணக்கிலிருந்து பணம் நகரும் முன் முடக்கும் வாய்ப்பு எவ்வளவு விரைவாக அழைக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

திரும்பச் சேர்ப்பதற்கு முன் அவர் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் வைத்துவிட்டாரா என்று உறுதி செய்யுங்கள். அட்மின்கள் எல்லோருக்கும் இதைக் கட்டாயமாக்குவது என் பரிந்துரை. குரூப்பை உருவாக்கியவரை வேறெந்த அட்மினாலும் நீக்க முடியாது. அவர் கணக்கே பறிபோனால் திருடர் மற்ற அட்மின்களை வரிசையாக வெளியேற்றலாம், நீங்கள் தடுக்க வழியில்லை. அப்போது போன் போட்டு எல்லோருக்கும் சொல்ல உதவுவது அந்தப் பதிவேடுதான். அதை வாட்ஸ்அப்புக்கு வெளியே வைத்திருங்கள்.

உறுப்பினர் போடும் தவறான பதிவுக்கு அட்மின் சிறை செல்ல வேண்டியிருக்குமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

அட்மின் என்ற காரணத்துக்காக மட்டும் பொறுப்பாக்க முடியாது. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021-ல், உறுப்பினர் என்ன போடுவார் என்பதை அட்மின் முன்கூட்டி அறிய முடியாது, பொதுவான உள்நோக்கம் இருந்ததாகக் காட்டினாலொழிய பொறுப்பில்லை என்றது. அதே ஆண்டு மதுரைக் கிளையும், 2022-ல் கேரள உயர் நீதிமன்றமும் இதையொட்டியே சொல்லியிருக்கின்றன. ஆனால் தெரிந்தே துணைபோனால் நிலைமை வேறு. வெறுப்பைத் தூண்டும் பதிவைக் கண்டால் அழியுங்கள், எச்சரியுங்கள், மீண்டும் செய்தால் நீக்குங்கள். குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசப் பதிவு என்றால் எச்சரிக்கைக்கு இடமே இல்லை. யாருக்கும் அனுப்பாமல், சேமிக்காமல், காவல்துறைக்குத் தெரிவியுங்கள்.

எங்கள் மகளிர் குழுவில் சிலர் நம்பர் வெளியே தெரிவதை விரும்பவில்லை.
– சுய உதவிக்குழு ஊக்குநர், தஞ்சாவூர்

சாதாரண குரூப்பில் நம்பரை மறைக்க முடியாது. கம்யூனிட்டி (பல குரூப்புகளை ஒன்றாக இணைக்கும் வாட்ஸ்அப் வசதி) ஒன்று தொடங்கினால் அதன் அறிவிப்புப் பகுதியில் மற்ற உறுப்பினர்களுக்கு நம்பர் தெரியாது. அட்மின்களுக்கும், ஏற்கெனவே அந்த நம்பரைச் சேமித்தவர்களுக்கும் மட்டும் தெரியும். கூட்டத் தேதி, தவணை நாள் சொல்ல இது போதும்.

ஒரே அட்மின் நான். நான் விலகினால் குரூப் என்னாகும்?
– வாசகர், சேலம்

யாரோ ஒரு உறுப்பினர் தானாக அட்மினாகிவிடுவார்; யார் என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது. விலகும் முன்பே இரண்டு பேரை நியமியுங்கள். ஐந்தாறு பேரை அட்மினாக்குவதும் தவறு, ஆளுக்கொரு விதமாகச் சேர்ப்பார்கள்.

இறந்துபோன உறுப்பினரின் நம்பரை எப்போது எடுப்பது? எடுக்கவே கை வரவில்லை.
– முன்னாள் மாணவர் சங்கப் பொருளாளர், யாழ்ப்பாணம்

அவசரப்பட வேண்டாம். அஞ்சலிச் செய்திகளை அந்த போனில் குடும்பத்தார் படித்துக்கொண்டிருக்கலாம். சில வாரம் கழித்து ஒருவர் நேரில் போய்ப் பேசட்டும். குடும்பம் விரும்பினால், வேண்டிய படங்களையும் உரையாடல்களையும் எடுத்து வைத்த பிறகு, அதே போனில் செட்டிங்ஸ், அக்கவுன்ட், டிலீட் அக்கவுன்ட் வழியாகக் கணக்கை மூடலாம். எல்லா குரூப்பிலிருந்தும் பெயர் ஒரேயடியாக விலகும். இதை சிம் துண்டிக்கப்படும் முன் செய்ய வேண்டும் என்பதை மட்டும் அவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ரீசார்ஜ் நின்றுபோய் நம்பர் வேறொருவருக்குப் போனால், அந்தப் பெயரில் சேமித்து வைத்திருக்கும் நண்பர்களுக்கெல்லாம் முகம் தெரியாத ஒருவரின் படம் தோன்றும்.