மகளுக்கு சிபிஎஸ்இ, மகனுக்கு அவசரமில்லை

கேள்வி: என் கணவர் துபாயில் ஏசி மெயின்டனன்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். இப்போது எங்களையும் கூட்டிக்கொள்ள விசா எடுக்கிறார். மகள் கிருஷ்ணகிரியில் மெட்ரிக் பள்ளியில் எட்டாவது, மகன் இரண்டாவது. மகளுக்கு டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசை. அங்கேயே இருக்கும் என் கொழுந்தனார் "ஐபியில் போடுங்க அண்ணி, அதுதான் டாப்" என்கிறார். கணவரின் நண்பர்கள் பிரிட்டிஷ் சிலபஸ் என்கிறார்கள். நாலைந்து வருடத்தில் ஊருக்கே திரும்பிவிடுவோம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதில் சேர்க்கலாம்?
— பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

பதில்: உங்கள் கடிதத்தில் சிலபஸ் பேரைவிட முக்கியமான விஷயம் இரண்டு இருக்கிறது. மகள் டாக்டர் ஆக வேண்டும், நாலைந்து வருடத்தில் ஊர் திரும்புவோம். இந்த இரண்டும் உறுதி என்றால் மகள் விஷயத்தில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை, சிபிஎஸ்இ பள்ளியில் சேருங்கள். ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், கொழுந்தனாருக்குப் பதில் சொல்ல உங்களுக்கும் வேண்டுமே.

முதலில் ஐபி, அதாவது இன்டர்நேஷனல் பக்கலோரியட் என்ற சர்வதேசப் பாடத்திட்டம். 1968-ல் ஜெனீவாவில் தொடங்கியது. நல்ல படிப்புதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ அளவில் வரும் டிப்ளமாவில் ஆறு பாடம், ஒவ்வொன்றுக்கும் 7 மதிப்பெண், கூட 3 சேர்த்து மொத்தம் 45. மாணவரே ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு 4,000 வார்த்தைக்குள் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும், சமூக சேவை, விளையாட்டு என்று தனியாகச் செய்துகாட்ட வேண்டும். மனப்பாடத்தில் காலம் தள்ள முடியாது. லண்டனுக்கோ கனடாவுக்கோ படிக்கப் போகிற பிள்ளைக்கு இது அருமையான தயாரிப்பு, உங்கள் கொழுந்தனார் தன் பிள்ளைகளை அப்படி அனுப்பும் யோசனையில் இருந்தால் அவர் சொல்வது அவர் வீட்டுக்குச் சரி. ஆனால் மருத்துவத்துக்கு இந்தியாவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் ப்ளஸ் டூ நிலையில் இருந்தாக வேண்டும். ஐபியில் ஆறு பாடத்தையும் மொழி, சமூக அறிவியல், கணக்கு, அறிவியல் என்று பிரிவு பிரிவாக எடுக்கச் சொல்வதால், வழக்கமான முறையில் இந்த மூன்று அறிவியலில் இரண்டைத்தான் எடுக்க முடியும். மூன்றும் வேண்டுமென்றால் பள்ளி மூலமாகத் தனி அனுமதி வாங்க வேண்டும். வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் அந்தப் பள்ளி அதை முன்பே செய்து பழகியிருக்க வேண்டும். அட்மிஷன் கொடுக்கும்போது எல்லாம் "பார்த்துக்கலாம் மேடம்" என்பார்கள், பதினொன்றாவதில் டைம்டேபிள் போடும்போதுதான் உண்மை தெரியும்.

பிரிட்டிஷ் சிலபஸ் கொஞ்சம் பரவாயில்லை. நம்ம ஒன்பதாவது அங்கே இயர் 10, ஒரு எண் கூடுதலாகத்தான் சொல்வார்கள், பயந்துவிடாதீர்கள். இயர் 10, 11 இரண்டு வருடம் ஐஜிசிஎஸ்இ (நம்ம பத்தாவது மாதிரி), அப்புறம் இரண்டு வருடம் ஏ லெவல் (நம்ம ப்ளஸ் டூ மாதிரி). ஏ லெவலில் பெரும்பாலும் மூன்று பாடம்தான், அதனால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் ஆழமாகப் படிக்கலாம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்த மூன்றோடு ஆங்கிலத்தையும் மறக்காமல் எடுக்க வேண்டும், கணக்கையும் எடுத்தால் சுமை ஏறிவிடும், கணக்கை விட்டால் நாளைக்கு நீட் சரியாக வராதபோது இன்ஜினியரிங் கதவு மூடிவிடும். தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் 200-க்குப் போடும் கட்-ஆஃபில் பாதி, அதாவது 100, கணக்குக்குத்தானே. சிபிஎஸ்இயில் ஆங்கிலத்தோடு பயோ-மேத்ஸ் எடுத்தால் இரண்டு பக்கமும் வழி திறந்தே இருக்கும்.

இதையெல்லாம்விடப் பெரிய காரணம் நீட்தான். 180 கேள்வி, 720 மதிப்பெண், அதில் பாதி உயிரியல். கேள்விகள் பெரும்பாலும் என்சிஇஆர்டி என்ற மத்திய அரசு அமைப்பின் பாடப் புத்தகத்தை ஒட்டித்தான் வருகின்றன, உயிரியலில் பல சமயம் அதன் வரிகளே கேள்வியாக வந்து நிற்கும். சிபிஎஸ்இ பிள்ளைக்குப் பள்ளிப் புத்தகமும் அதுவே, மற்ற இரண்டிலும் படிக்கிற பிள்ளை பள்ளிக்கு ஒரு படிப்பு, நீட்டுக்கு ஒரு படிப்பு என்று இரட்டை மாட்டு வண்டி ஓட்ட வேண்டும். 2021-ல்தான் முதன்முதலாக வெளிநாட்டில் நீட் மையம் வைத்தார்கள், குவைத்திலும் துபாயிலும். 2024-ல் முதலில் வெளிநாட்டு மையமே இல்லை என்று அறிவித்து, சத்தம் போட்ட பிறகு சேர்த்தார்கள். அதனால் மகள் நீட் எழுதும் வருடம் மே மாதம் ஊருக்கு வந்து எழுதவும் தயாராக இருங்கள்.

சிபிஎஸ்இ என்றதும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கவும் வேண்டாம். முதல் கேள்வி, இரண்டாம் மொழி. உங்கள் மகள் மெட்ரிக்கில் ஹிந்தி படித்திருக்க மாட்டாள். சிபிஎஸ்இயில் பத்தாவதுக்குத் தமிழ் ஒரு பாடமாக உண்டு, ஆனால் எல்லாப் பள்ளியிலும் தமிழ் டீச்சர் இருக்க மாட்டார். ஹிந்தியா பிரெஞ்சா என்று கேட்டு ஒன்பதாவதில் குழந்தையை அ, ஆ-வில் உட்கார வைத்தால் நல்ல பிள்ளையும் சோர்ந்துவிடும். போன் பண்ணி "பத்தாவது வரை தமிழ் இருக்கா" என்று நேராகக் கேளுங்கள், இருந்தால் அந்தப் பள்ளிக்கு முதலிடம். போதாக்குறைக்கு அங்கே எந்த சிலபஸ் ஆனாலும் ஒன்பதாவது வரை அரபி கட்டாயம். புதிதாக வரும் பிள்ளைக்கு எந்த நிலையில் தொடங்குவார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, போவதென்றால் இந்த வருடமே போங்கள். ஒன்பதாவதிலேயே சிபிஎஸ்இ பிள்ளைகளைப் பதிவு செய்துவிடும், பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் நேரடி அட்மிஷன் சுலபமில்லை. அங்கே இந்தியப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கிவிடும், பிரிட்டிஷ், ஐபி பள்ளிகள் ஆகஸ்ட் கடைசியில். நம்ம ஊர் முழு ஆண்டுத் தேர்வு முடிவதற்குள் அங்கே வகுப்பு ஓட ஆரம்பித்திருக்கும் என்பதால் கணவரை இப்போதே சீட் பேசி வைக்கச் சொல்லுங்கள். டிசியில் யார் யார் கையெழுத்து, எந்த அட்டெஸ்டேஷன் வேண்டும் என்று அந்தப் பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள், விட்டுவிட்டால் அங்கிருந்து கிருஷ்ணகிரி ஆபீஸுக்கு ஆள் அனுப்புவது பெரிய தலைவலி.

மகனுக்கு? அவனுக்கு எதுவும் ஓடிப்போகவில்லை. மூன்றாவதில் எந்த சிலபஸிலும் கூட்டல் கழித்தலும் வாசிப்பும்தான், எட்டாவதுக்குள் எப்போது வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம். ஒரே பள்ளி, ஒரே பஸ் என்று அக்காவோடு அனுப்புவதே எனக்குப் பிடித்த வழி. மற்ற இரண்டு சிலபஸ் பள்ளிகளிலும் ஃபீஸ் பொதுவாக இந்தியப் பள்ளியைவிடப் பல மடங்கு, கம்பெனி பள்ளிச் செலவு தராவிட்டால் சூப்பர்வைசர் சம்பளத்தில் அது தாங்காது. துபாயில் கேஎச்டிஏ என்ற அரசு அமைப்பு ஒவ்வொரு தனியார் பள்ளியின் ஃபீஸையும் இன்ஸ்பெக்‌ஷன் மதிப்பீட்டையும் வெளியிடுகிறது, கொழுந்தனாரின் பேச்சைவிட அதைப் பாருங்கள். பையன் தமிழை மட்டும் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2006-ம் வருடச் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம், பத்தாவதுக்கு முன்பே அவன் திரும்பினால் தமிழ்ப் பேப்பர் எழுத வேண்டிவரும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் சிறு பிள்ளைகளுக்கான பாடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும்.

பெங்களூர் ரோட்டில் பார்த்திருப்பீர்கள், பேரில் 'இன்டர்நேஷனல்' என்று போட்டுக்கொண்டு உள்ளே சிபிஎஸ்இ நடத்தும் பள்ளிகள் எத்தனையோ. துபாயிலும் பேரை நம்பாமல், எந்த போர்டு என்று கேளுங்கள்.

இன்னொன்று, இது பள்ளிக்கு வெளியே உள்ள வேலை. மகள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை முழுவதும் தமிழ்நாட்டில் படிக்கவில்லை என்றால் மருத்துவக் கவுன்சிலிங்கில் மாநில ஒதுக்கீட்டுக்கு நேட்டிவிட்டி சான்று, அதாவது தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்ற சான்று, கேட்பார்கள். தருமபுரியில் 2008-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி, கிருஷ்ணகிரியில் 2022-ல் திறந்தது, இரண்டும் உங்கள் வீட்டுப் பக்கம்தான், அங்கே சீட் கேட்க இந்தக் காகிதம் வேண்டும். விமானம் ஏறுமுன் இ-சேவை மையத்தில் நேட்டிவிட்டிக்கும் சாதிச் சான்றுக்கும் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். உங்கள் இருவரின் பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு நகலையும் ஒரே ஃபைலில் போட்டு, மாமியார் வீட்டில் ஒரு செட் வைத்துவிட்டுப் போங்கள்.