பல் வெட்டிய பத்திரம்: ‘இன்டென்ச்சர்’ பற்றிக் கேட்டவர்களுக்கு

பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்களில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். பாதிப் பேருக்கு மேல் கேட்டது ஒரே சொல்லை: இன்டென்ச்சர். நம் மலையகத்தில், அதாவது இலங்கையின் தேயிலைத் தோட்ட மலைநாட்டில், அந்தச் சொல் ஏன் மனதை உறுத்துகிறது என்று எனக்குத் தெரியும். அதற்கு நீளமாகவே எழுதுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கொட்டகலை, உயர்தர மாணவி: சேர், வரலாற்றுப் பாடத்துல ‘இன்டென்ச்சர்’னு வருது. ஒப்பந்தக் கூலின்னு போட்டிருக்காங்க. அந்தச் சொல்லுக்கே என்ன அர்த்தம்?

மகள், அந்தச் சொல்லுக்குள் இருப்பது பல். லத்தீனில் பல்லுக்கு ‘டென்ஸ்’, பிரெஞ்சில் ‘தான்’. ஓரத்தைப் பல்லுப் பல்லாக வெட்டுவதற்குப் பழைய பிரெஞ்சில் இந்தப் பல்லிலிருந்தே ஒரு வினைச்சொல் உண்டு. அப்படி வெட்டிய பத்திரத்தின் பெயர்தான் ஆங்கிலத்தில் இன்டென்ச்சர் ஆனது. 1066இல் நோர்மண்டியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் சட்டமும் நீதிமன்றமும் பிரெஞ்சுமயமாயின. வழக்கை ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று சட்டம் வந்ததே 1362இல்தான்.

பத்திரத்துக்கு ஏன் பல்? ஒரு கொப்பித் தாளை எடுங்கள். மேல் பாதியில் ஒப்பந்தத்தை எழுதி, அதே வாசகத்தைக் கீழ்ப் பாதியிலும் எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடம் விட்டு, அதில் ஏதாவது ஒரு சொல்லைப் பெரிதாக எழுதுங்கள். அந்தச் சொல்லை ஊடறுத்து, கத்தரிக்கோலை வளைத்து வளைத்து ஓட்டுங்கள். ஒரு பாதி உங்களுக்கு, மறுபாதி எதிராளிக்கு. நாளைக்கு வழக்கு என்று வந்தால் இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டியதுதான். பல்லோடு பல் பொருந்தி, வெட்டுப்பட்ட எழுத்து முழுதாகத் தெரிந்தால் பத்திரம் உண்மை. பொருந்தவில்லை என்றால் யாரோ பொய்ப் பத்திரம் கொண்டுவந்திருக்கிறார். அன்று தாளுக்குப் பதில் பதப்படுத்திய தோல், அவ்வளவுதான் வித்தியாசம். வகுப்பில் இதைச் செய்து காட்டும்போது கடைசி வாங்குப் பிள்ளைகள்கூட எழுந்து வந்து பொருத்திப் பார்ப்பார்கள்.

ஒன்றை மனதில் வையுங்கள். இரண்டு பேர் கையிலும் ஒவ்வொரு பாதி இருந்தது.

நுவரெலியா: வாகனத்துல அடிபட்டா ‘டென்ட்’ங்கிறோமே, அதுவும் இந்தப் பல்தானா?

இல்லை. அது ஆங்கிலத்தின் சொந்தச் சொல், ‘அடி’ என்ற பொருளில் வந்தது. பல்லுக்கும் அதற்கும் பிறப்பில் தொடர்பில்லை. ஓசை ஒத்தால் உறவு என்று எடுக்காதீர்கள். சொல் எந்த வழியாக வந்தது என்று பார்த்த பிறகுதான் உறவு பேச வேண்டும்.

பொகவந்தலாவை, தோட்டக் காரியாலயத்தில் வேலை செய்பவர்: ஸ்டோர்ல உரம் எடுக்க ‘இன்டன்ட்’ எழுதுறோம். அது?

அது சொந்தம்தான். இரண்டு பிரதியாக எழுதி வெட்டிய பத்திரத்திலிருந்தே அந்தப் பெயர் வந்தது. நீங்கள் இன்றும் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு மற்றதை அனுப்புகிறீர்கள், இல்லையா?

பதுளை: அப்ப நம்ம பாட்டன் பூட்டன் எல்லாரும் இன்டென்ச்சர் கூலிகளாத்தானே வந்தாங்க?

இல்லை. இதை எத்தனையோ மேடையில் திருத்தியிருக்கிறேன், இங்கேயும் திருத்துகிறேன். மொரீசியசுக்கு 1834இலிருந்து, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860இலிருந்து, பிஜிக்கு 1879இலிருந்து போனவர்கள்தான் இன்டென்ச்சரில் போனவர்கள். பெரும்பாலும் ஐந்து வருடம் என்று எழுதி, கைநாட்டு வாங்கி, கப்பலேற்றினார்கள். ‘அக்ரிமென்ட்’ அவர்கள் வாயில் ‘கிர்மிட்’ ஆனது. பிஜியில் அந்தக் காலத்தையே இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். அக்ரிமென்ட்டும் பிரெஞ்சு வழி வந்த சொல்தான்.

இலங்கைக்கு வந்தவர்களைக் கூட்டி வந்தது கங்காணி. ஊருக்குப் போய்ச் சொந்தக்காரர், அக்கம்பக்கத்தார் என்று ஆள் திரட்டி, வழிச்செலவுக்கும் வீட்டுக் கஷ்டத்துக்கும் முன்பணம் கொடுத்தார். அது ஆளின் பெயரில் கடனாக ஏறியது. சட்டப்படி அவர்கள் மாத வேலைக்காரர்கள், முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு விலகலாம். கடன் கழுத்தில் இருக்கும்போது எங்கே விலகுவது? சொல்லாமல் போனால் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் சிறைக்கு அனுப்பியது.

கங்காணி தோட்டம் மாற நினைத்தால் துரை, அதாவது தோட்டத்து வெள்ளைக்கார அதிகாரி, ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்: இத்தனை ரூபா கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று. அதன் பெயர் துண்டு. வெள்ளைக்காரர் தங்கள் அறிக்கைகளிலும் அதே தமிழ்ச் சொல்லைத்தான் எழுதினார்கள். அந்தச் சீட்டோடு கங்காணி அடுத்த தோட்டத்துக்குப் போவார், அங்கத்தைய துரை பணத்தைக் கட்டுவார். ஆட்களோடு சேர்ந்து கடனும் மலை மாறும். 1921இல்தான் சட்டம் துண்டை ஒழித்தது.

தலவாக்கலை: சேர், மன்னிக்கணும். இன்டென்ச்சர் இல்லைன்னா எங்க ஆளுங்க விரும்பித்தான் வந்தாங்கன்னு ஆகாதா? நீங்களே இப்படிச் சொல்லலாமா?

தம்பி, உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. கொழுந்து நிறுக்கும் துலாவும், விடியலில் ஆட்களை வரிசையில் நிறுத்தும் பிரட்டுக் களமும் பார்த்து வளர்ந்தவன்தான் நானும். நான் சொல்வது அதற்கு நேர்மாறு. இன்டென்ச்சருக்கு ஒரு முடிவு நாள் இருந்தது. கடனுக்கு எந்த நாளும் இல்லை. பல் வெட்டிய பத்திரம் என்றாலே மறுபாதி நம் கையில் இருக்க வேண்டும். துண்டைத் துரை எழுதினார், கங்காணி கொண்டு போனார். யாருடைய உடம்பைப் பற்றிய சீட்டோ அவர் கையில் ஒரு பாதியும் இல்லை. அந்த அநியாயத்துக்கு நம் மொழியிலேயே பெயர் இருக்கிறது. பிஜிக்காரர் பெயரை இரவல் வாங்கினால் அது மறைந்துபோகும். அதனால்தான் விடாமல் சொல்கிறேன்.

பதுளை (மறுபடியும்): கட்டுரையெல்லாம் இன்டென்ச்சர்னுதான் எழுதுறாங்களே?

எழுதுகிறார்கள். ‘கட்டுண்ட உழைப்பு’ என்ற பொதுப் பொருளில் எழுதினால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஐந்து வருட ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து வந்தார்கள் என்று எழுதினால் வருவேன்.

மாத்தளை, ஆசிரியை: ‘துண்டு’ மாதிரி வெட்டுறதுலேருந்து வந்த பிரெஞ்சுச் சொல் ஏதும் உண்டா?

அருமையான கேள்வி, டீச்சர். கொழுந்து நிறுக்கும்போது கணக்கு ‘டேலி’ ஆகுதா என்கிறோமே, அது வெட்டுதான். பிரெஞ்சில் ‘தாயே’ என்றால் வெட்டுவது. துணி வெட்டும் டெய்லர், வெட்டிச் சில்லறையாக விற்கும் ரீடெய்ல், துண்டு துண்டாகச் சொல்லும் டீடெய்ல் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். டேலி என்பது முதலில் ஒரு குச்சி. ஆயிரம் பவுணுக்கு உள்ளங்கை அகலம், நூறுக்குப் பெருவிரல் அகலம் என்று அதில் வெட்டு விழும். பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து, கடன் கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் ஆளுக்கொரு பாதி. பொருத்திப் பார்த்தால் வெட்டுகள் நேராக வர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரையும் ஏமாற்ற முடியாத கணக்கு அது. இங்கிலாந்து அரசு சேர்த்து வைத்திருந்த பழைய குச்சிகளை 1834இல் பாராளுமன்றக் கட்டட அடுப்பில் எரித்தபோது கட்டடமே தீப்பிடித்துப் போனது.

தமிழில் ‘முறி’யைப் பாருங்கள். அதற்குத் துண்டு என்றும் பொருள், பத்திரம் என்றும் பொருள். திறைசேரி முறி, பிணைமுறி என்று செய்தியில் தினமும் கேட்கிறோம்.

அட்டன்: பிரட்டு எங்கிருந்து வந்தது?

ஆங்கிலப் ‘பரேட்’தான் பிரட்டு. பரேட் பிரெஞ்சிலிருந்து வந்தது. விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் பார்ப்பதைப் பட்டாளத்துச் சொல்லால் குறித்தார்கள்.

பண்டாரவளை: கர்ஃபியூ?

‘நெருப்பை மூடு’ என்ற பிரெஞ்சு. இரவு மணியடித்தால் அடுப்புத் தணலை மூட வேண்டும்.

நாவலப்பிட்டி: பீக்கோ பிரெஞ்சா?

சீனம். தேயிலைத் தரத்தின் பெயர் அது, கொழுந்தின் வெண்ரோமத்தைக் குறித்த சொல்.

கண்டி: டென்டிஸ்ட், டென்ட் எல்லாம் ஒன்றா?

முன்னது பல், பின்னது அடி. நுவரெலியாக்காரருக்குச் சொன்ன பதிலை வாசியுங்கள்.

இறக்குவானை: வாகன டென்ட்டும் இன்டென்ச்சரும்…

வாசியுங்கள் என்றேன்.

மஸ்கெலியா: ஐயா, பாட்டியோட றங்குப் பெட்டியில ஒரு பழைய ஆங்கிலக் காகிதம். ஓரமெல்லாம் பல்லுப் பல்லா இருக்கு. இன்டென்ச்சரா இருக்குமா?

ஓரத்தை வைத்துச் சொல்ல முடியாது, தங்கச்சி. 1845இலேயே இங்கிலாந்துச் சட்டம் பல் வெட்டாத பத்திரமும் இன்டென்ச்சராகச் செல்லும் என்றாக்கிவிட்டது. அதன்பின் பெயரில் மட்டும்தான் பல். உங்கள் காகிதத்தைக் கடித்தது பூச்சியாக இருக்கலாம். ஆனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லேமினேட் செய்ய வேண்டாம், டேப் ஒட்ட வேண்டாம், மடிப்பைப் பலவந்தமாக நீவ வேண்டாம். பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படமெடுத்து, ஈரம்படாத உறையில் வையுங்கள். பாட்டி இருக்கிறார் என்றால் இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து அது யார் கொடுத்த காகிதம் என்று கேட்டு, அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதி அந்த உறைக்குள் போடுங்கள்.